நாய்க்கு அனுமதி உண்டு என்று போட்டிருந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்

ஜூனில் வேல்ஸ் கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் தங்கிவிட்டு, 150 பவுண்டு டெபாசிட்டில் 120ஐக் கோட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். பள்ளி விடுமுறைக்கு நாயோடு போக காட்டேஜ் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் நாய் மணி, குட்டைக் கால் டாஷ்ஹண்ட் இனம், ஒன்பது வயது. அவனை விட்டுவிட்டு எங்கேயும் போக மனசு வராது. டென்பி ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் வீடு கிடைத்தது. நாய்க்கு அனுமதி, சுற்றுச்சுவர் உள்ள தோட்டம், ஐந்து நிமிடத்தில் கடற்கரை என்று விளம்பரம். மணலுக்கு நடுவே கோஸ்கர் பாறை நிற்கும் அழகான படம் வேறு. நாய்க்குத் தனியாக 40 பவுண்டு. வீட்டுக்காரரே போன் செய்து, நேராகத் தன் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் பத்து சதவீதம் குறைப்பதாகச் சொன்னார். அந்த ஆசையில்தான் கவிழ்ந்தோம்.

லண்டனிலிருந்து எம்4 நெடுஞ்சாலை பிடித்து, கார்மார்தன் தாண்டிப் போய்ச் சேர ஆறு மணி நேரம். இறங்கியதும் மணியைத் தோட்டத்தில் விட்டேன். சுற்றுச்சுவர் இருந்தது, பொய்யில்லை. ஆனால் என் முழங்கால் உயரம்தான். ஒரு மூலையில் கல் சரிந்து கிடந்த இடத்தில் ஒரு பழைய பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் செம்மறி ஆடுகள், குட்டிகளோடு. ஆட்டைத் துரத்தும் நாயை விவசாயி சுட்டுவிட்டால்கூட, சில சூழ்நிலைகளில் சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். அந்த வாரம் முழுக்க மணி கயிற்றோடுதான் ஒன்றுக்குப் போனான்.

கடற்கரைக்கு ஐந்து நிமிடம் என்றது காரில். அதுவும் படத்தில் இருந்த நார்த் பீச்சில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்களுக்குத் தடை. அங்கே போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எந்தக் கடற்கரையில் எப்போது தடை என்று அந்த வட்டார உள்ளாட்சியான பெம்புரோக்‌ஷர் கவுன்சில் வெளியிட்டிருக்கிறது. பார்க்காமல் போனது என் தப்பு. ஆனால் அந்தப் படத்தைக் காட்டி நாய்க்காரர்களிடம் காசு வாங்கியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கடைசியில் பாரஃபண்டல் என்ற வேறொரு கடற்கரைக்குப் போனோம். ஸ்டாக்போல் கீயில் காரை விட்டுவிட்டு அரை மைல் நடை. மணி ஆசை தீர மணலைத் தோண்டினான். ஊரைக் குறை சொல்லவே மாட்டேன்.

வீட்டுக்குள் மேஜை மேல் ஒரு ஃபைல் இருந்தது. நாய் மாடி ஏறக் கூடாது, சோபாவைத் தொடக் கூடாது, தனியாக விட்டுவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. இதில் ஒரு வரிகூட பணம் கட்டும் முன் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பாதி நாள் ராத்திரிச் சாப்பாடு காரிலேயே, ஃபிஷ் அண்ட் சிப்ஸ்.

திரும்பி வந்த நாலாம் நாள் மெயில். சமையலறைக் கதவை நாய் பிராண்டிவிட்டதாம், பெயின்ட் அடிக்க 120 பவுண்டு. கூடவே அனுப்பிய படத்தில் கீறல்கள் கதவுக் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தன. மணி பின்னங்காலில் எம்பி நின்றாலும் என் தொடைக்கு மேல் எட்டமாட்டான்!

வங்கிக்கும் பேசிப் பார்த்தேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைக் காட்டி, கார்டு கொடுத்த வங்கியிடமே கேட்டிருக்கலாம். வாங்கியதன் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்தால் போதும். நேராகக் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பிரிவு கிடையாது. வாடகை வீட்டு அட்வான்ஸுக்கு இருக்கும் பாதுகாப்புத் திட்டமும் விடுமுறை வீட்டுக்கு வராது.

அதனால் கார்டில் மட்டும் கட்டுங்கள். சுவர் எவ்வளவு உயரம், எங்கேயாவது சந்து இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், இன்று எடுத்த படம் வேண்டும் என்று சொல்லுங்கள். நாய் விதிகளை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். உள்ளே போனதும் ஒவ்வொரு கதவையும் வீடியோ எடுத்து வையுங்கள், நாங்கள் எடுக்கவில்லை.

மணியைச் சுவரோரம் நிற்கவைத்து, பக்கத்தில் அளவு டேப்பை இழுத்துப் பிடித்துப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை.