மலை இல்லாத கரையில் மரம் எங்கே போகும்? பனை, உடை, கண்டல்: ஓர் ஒப்பீடு

வெயில் கூடினால் மரம் மலையேறும் என்கிறது தாவரவியல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சூடு 1 டிகிரி கூடினால், அங்குள்ள மரத்தின் விதை நூற்றைம்பது, இருநூறு மீட்டர் மேலே போய் முளைத்தால் போதும், பழைய குளிர்ச்சி கிடைத்துவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கரையில் இந்தக் கணக்கு செல்லாது. இங்கே ஏறுவதற்குக் கண்மாய்க் கரையும் மணல்மேடும்தான் உண்டு.

சரி, வடக்கே போகலாமே? குளிர்நாட்டு மரத்துக்கு அது வழிதான். வெப்பமண்டலத்திலோ சில நூறு கிலோமீட்டர் வடக்கே போவதால் வெப்பம் குறைவதில்லை. இங்கிருந்து சென்னைப் பக்கம் போன மரம் கத்திரி வெயிலில் இன்னும் அதிகமாகத்தான் வாடும்.

ஆகவே ராமநாதபுரம் கரையின் நாட்டு மரங்கள் ஒன்று நின்ற இடத்திலேயே தாக்குப்பிடிக்க வேண்டும், அல்லது உப்பு ஏற ஏற உள்பக்கம் நகர வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் வந்தேறி மரங்களுக்கு இடத்தை விட வேண்டியதுதான். அடுத்த ஐம்பது ஆண்டுகளை மனதில் வைத்து ஒரு ஊராட்சியோ ஒரு பள்ளிக்கூடமோ மரம் வைக்க நினைத்தால் எதை வைப்பது? பனை, உடை, கண்டல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமாக வளர்ந்த மரம் எவ்வளவு வறட்சி தாங்கும், எவ்வளவு புயல் தாங்கும் என்று கேட்பார்கள். நான் கேட்பது வேறு: மாறிய வானிலையில் அதன் கன்று பிழைக்குமா? வளர்ந்த மரம் பலதையும் சமாளித்துவிடும். கன்று அப்படி இல்லை.

முதலில் பனை. இந்த மாவட்டத்தில் அதன் முளைப்பு பருவமழையோடு பூட்டிய பூட்டு. ஆவணி, புரட்டாசியில் பழம் விழுகிறது. ஈரம் பட்டதும் கொட்டை மேலே இலை விடுவதில்லை. குழாய் போன்ற ஒரு முளை நேரே கீழே இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மண்ணுக்குள் ஆழப் போய்க் கிழங்காகத் திரள்கிறது. பொங்கலுக்குப் பிடுங்கி அவித்துத் தின்பது அதைத்தான். பிடுங்காமல் விட்டால் பீலி எனும் குருத்தோலை விடும், அப்புறம் வடலி எனும் இளம்பனை. இதில் பெரிய சூட்சுமம் இருக்கிறது. இளங்கன்றின் குருத்துமுனை பல காலம் தரைக்குக் கீழேயே இருப்பதால், மேலே ஆடு கடித்தாலும் சித்திரை வெயிலில் ஓலை கருகினாலும் உயிர் உள்ளே பத்திரமாக இருக்கும். கன்று பிழைப்பதில் பனைக்குப் போட்டியே கிடையாது என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அந்த மூன்று மாத மழை? மாவட்டத்தில் ஆண்டுக்குக் கிடைப்பதே சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. ஏதாவது ஒரு வருடம் அந்த மழை பிந்தினால், அந்த வருடத்துக் கொட்டைகள் பாதி வழியில் காய்ந்துபோகும். அப்படி நான்கைந்து வருடம் போனாலும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கிழட்டுப் பனைகள் அப்படியே நின்றுகொண்டிருக்கும். பனைக்காட்டில் அண்ணாந்து பார்ப்பதால் பயனில்லை. குனிந்து வடலி இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பளவு, ஆளுயரம், அதற்கு மேல் என்று எல்லா உயரத்திலும் இருந்தால் அந்தக் காடு வாழ்கிறது. உயரப் பனை மட்டும்தான் என்றால், இப்போது நிற்பதோடு சரி.

நகர்வதிலும் பனை சோம்பேறி. கனமான பழம் மரத்தடியிலேயே விழுகிறது. தூக்கிப் போக மாடு வேண்டும், நரி வேண்டும், இல்லையென்றால் மனிதர் வேண்டும். கரையோரத்து நிலத்தடி நீர் உப்பாகிப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே போக வேண்டிய நிலை வந்தால், கொட்டையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவது நம் வேலை. பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். அதுவரை அலகா (ஆண்), பருவமா (பெண்) என்றுகூடச் சொல்ல முடியாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் அது நிற்கும் மரத்துக்குக் காவல். வடலிக்கு யார் காவல்?

இரண்டாவது உடை. குடைவேல் என்றும் சொல்வோம். விரித்த குடை மாதிரி தட்டையான தலை, வெள்ளை முள், அடியில் ஆட்டு மந்தை. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இயற்கையாக இது வேறெங்கும் இல்லை. சிறிய பரப்புக்குள் மட்டும் வாழும் மரங்களுக்குத்தான் பருவநிலை மாற்றத்தில் ஆபத்து அதிகம். ஆனாலும் இந்த மூன்றில் மழையை ஏமாற்றத் தெரிந்தது உடைதான். விதையின் தோல் அத்தனை கெட்டி. மழை பொய்த்த வருடம் முளைக்காமல் மண்ணிலேயே கிடக்கும், நல்ல மழைக்குக் காத்திருக்கும். காயைத் தின்ற ஆடு விதையை மேய்ச்சல் நிலமெங்கும் கொண்டுபோகிறது. அதே ஆடுதான் கன்றையும் கடிக்கும் என்பது வேறு கதை.

உடைக்கு எதிரி வெயிலைவிடச் சீமைக்கருவேல்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த மரத்துக்கும் கெட்டி விதை, ஆட்டு வயிறு என்ற அதே தந்திரம் தெரியும். வளர்வது மட்டும் பல மடங்கு வேகம், வெட்டினால் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது மாவட்டமே பொக்லைனோடு இறங்கியது. அகற்றிய இடத்தில் என்ன வைப்பது என்று யோசித்தவர்கள் குறைவு. வெற்றிடம் கிடைத்தால் முதலில் வருவது அதுவேதான். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது சோறு போடும் மரம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சூடும் வறட்சியும் கூடக்கூட அதன் எல்லை விரியலாம், உடையின் எல்லை சுருங்கலாம்.

மூன்றாவது கண்டல், அதாவது அலையாத்தி. காரங்காட்டில் படகில் போனால் தண்ணீரிலிருந்து விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைப் பக்கத்திலேயே பார்க்கலாம். வெண்கண்டலின் காயை எடுத்துத் தோலை உரித்தால், உள்ளே மடித்து வைத்த இரண்டு பச்சை விதையிலைகள். மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிட்ட கன்று அது. ஓதத்தில், அதாவது கடல் ஏறி வற்றும் தண்ணீரில் மிதந்து, அது எங்கே விடுகிறதோ அங்கே வேர் பிடிக்கும். கடல் உள்ளே வந்தால் கண்டலின் கன்றும் கூடவே உள்ளே வரும். ஆடு, மாடு, ஆள் எதன் உதவியும் இல்லாமல் நகரத் தெரிந்தது மூன்றில் இது ஒன்றுதான்.

தாளில் பார்த்தால் இதற்குத்தான் முதல் பரிசு. தரையில் இரண்டு முட்டுக்கட்டை. கண்டல் நிற்கும் சேறு உயர வண்டல் வேண்டும். கடல்மட்டம் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் அலையாத்திகளால் ஈடுகொடுக்க முடியாது என்கிறது 2020-ல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு. 2006 முதல் 2018 வரையிலான உலக சராசரி 3.7 மில்லிமீட்டர். இடைவெளி இருக்கிறது, ஆனால் வண்டலும் நல்ல தண்ணீரும் கொண்டுவர வேண்டிய ஆறுகள் இங்கே கடலைத் தொடுவதே அபூர்வம். வைகை பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. நல்ல தண்ணீர் கலக்காத உப்புச் சேற்றில் கண்டல் மரமாகாது, புதராகக் குறுகும். அடுத்தது, பின்னால் இடம் வேண்டும். உப்பளத்தின் பாத்தி வரப்பு, இறால் பண்ணையின் கரை, சாலை என்று எது குறுக்கே வந்தாலும் மிதந்து வந்த கன்றுக்கு அதுதான் எல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளின் நிலை இதைவிட மோசம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே கடலுக்கடியில். அங்கே பவளக்கல்லை வெட்டி எடுத்த பாவமும் சேர்ந்துகொண்டது. தீவில் நிற்கும் மரத்துக்குப் பின்வாங்க ஏது இடம்?

தென்னையும் சவுக்கும் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். தென்னைக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். 2018 கஜா புயலில் டெல்டாப் பக்கம் அது சாய்ந்த விதத்தையும் பார்த்தோம். சவுக்கு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், மணலைப் பிடிக்கும், நாலைந்து வருடத்தில் காசாகும். அந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்காதது. அதன் சருகு மெத்தையில் வேறு கன்று எழுவது கடினம், வெட்டி எடுத்த பிறகு மணல் பழையபடி வெறுமை.

எனவே ஒரே மரத்துக்கு என் ஓட்டு இல்லை. ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் கண்டல், ஆனால் நடுவதைவிடப் பின்னால் கைவிடப்பட்ட உப்பளங்களின் வரப்பை உடைத்துவிடுவது மேல். தண்ணீர் வந்தால் கன்று தானே வரும். மணல் பகுதியிலும் கண்மாய்க் கரையிலும் பனை, கரையோரத்தில் மட்டும் அல்லாமல் முதுகுளத்தூர், கமுதி வரை உள்ளே தள்ளியும். சீமைக்கருவேல் அகற்றிய மேய்ச்சல் தரையில் உடை, அகற்றிய அதே பருவத்தில்.

மூன்றிலும் விதை கிடைக்காத சிரமம் உடைக்குத்தான், நாற்றுப் பண்ணைகளில் பெரும்பாலும் கேட்டாலே விழிப்பார்கள். ஆட்டுப்பட்டியில் புழுக்கையோடு கிடக்கும் விதையைப் பொறுக்கலாம், அது பாதி பக்குவமானது. மரத்திலிருந்து பறித்த காய் என்றால், கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் விதையைப் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். உப்பியதை மட்டும் எடுத்து, ஐப்பசியின் முதல் மழை மண்ணை நனைத்ததும் விதைத்து, முள்வேலி போட்டு, இரண்டு வருடம் ஆட்டை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.