லிஃப்ட் ஜிப்ஸி ஆடினால் "டேம்பர் போட்டால் சரியாகிவிடும்" என்பவர்களை நம்பாதீர்கள்

ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப், ஜிம்னி என்று முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே முழு ஆக்ஸில் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் உயரம் ஏற்றிய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். ஆஃப்ரோடு வண்டிகளுக்கென்றே போர்டு மாட்டியிருக்கும் கோவைப் பட்டறை ஒன்றில் என்னிடம் ₹41,000 வாங்கிக்கொண்டு, ஸ்டியரிங் ஆட்டத்தை அப்படியே வைத்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த வண்டியைச் "சரியாயிருச்சுங்க, தைரியமா ஓட்டுங்க" என்று சொல்லிக் கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் ஜிப்ஸியில் முந்தைய ஓனரே முன் ஷேக்கிளை (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) நீளமாக்கிப் பெரிய டயர் போட்டிருந்தார். தோட்டத்து மண்பாதையில் ஒரு குறையும் இல்லை. பொள்ளாச்சி–கோவை ரோட்டில் 60ஐத் தாண்டி, பாலத்து இணைப்பிலோ சின்னப் பள்ளத்திலோ முன்சக்கரம் தட்டினால் போதும், ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வெடுக் வெடுக்கென்று அடிக்கும். சாதாரண நடுக்கம் இல்லை, கையையே உதறிவிடும். 30க்கு இறக்கினால்தான் நிற்கும்.

பட்டறையில் சொன்னது: "லிஃப்ட் வண்டின்னா கொஞ்சம் ஆடத்தானுங்க செய்யும். டேம்பர் மாத்திட்டா அடங்கிரும்." ஸ்டியரிங் டேம்பர் மாற்றினார்கள். வீல் பேலன்சிங் செய்தார்கள். டை ராடு எண்டு (சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளின் முனை மூட்டு) நான்கும் புதுசு என்று பில்லில் ஏற்றினார்கள். கடைசியில் ஸ்டியரிங் பாக்ஸையும் (ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டி) இறுக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது கிணத்துக்கடவு மேம்பாலத்தில் மறுபடியும் உதறியது, முன்பைவிட மோசமாக. "என்ன கண்ணு, வண்டி இப்படி அடிக்குது?" என்று அம்மா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் லாரி. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டு, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

ஸ்டியரிங் டேம்பர் என்பது ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு ஷாக் அப்சார்பர், அவ்வளவுதான். ஆட்டத்துக்கான காரணத்தை அது தொடுவதே இல்லை. புதுசாக இருக்கும்வரை மறைத்து வைக்கும். அதற்குள் தேய்கிற பாகம் இன்னும் தேயும். பாக்ஸை அளவுக்கு மீறி இறுக்கியது அதைவிட ஆபத்து. வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் அங்கேயே நின்றது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் இப்படி ஒரு ஸ்டியரிங்கோடு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

உடுமலையில் எஸ்டேட் ஜீப்புகளையே பார்த்துப் பழகிய ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஸ்பேனரையே எடுக்கவில்லை. சக்கரம் தரையில் இருக்கும்படியே என்னை உட்கார வைத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். லூஸ் தெரிந்தது. "பிரேக்கை மிதிங்க தம்பி" என்றார். மிதித்தும் லூஸ் போகவில்லை. வீல் பேரிங் என்றால் பிரேக் பிடித்ததும் அசைவு நின்றிருக்கும், நிற்காததால் கிங்பின் பேரிங்தான், அதாவது சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சின் பேரிங்தான் என்றார்.

அடுத்து டை ராடு எண்டுகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். வெள்ளிப் பெயின்ட் துணியோடு வந்தது. அடியில் பழைய துரு. நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் துருவோடு ஓட்டையிலேயே ஒட்டிக் கிடந்தது, கிழிந்த ரப்பர் பூட்டுக்குள் எங்கள் தோட்டத்துச் செம்மண். புதுசு என்று காசு வாங்கிய பாகம் இது! பெயின்ட் அடித்ததைத் தவிர அதில் கை வைக்கவே இல்லை.

இன்னொரு காரணம் கேஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சு மேல்பக்கம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போலத்தான், ஹேண்டில் நேராக நிற்க அந்தச் சாய்வும் உதவுகிறது. ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனையில் இருப்பதால், அதை நீளமாக்கினால் ஆக்ஸில் முன்னால் உருண்டு அந்தச் சாய்வு குறைந்துவிடும். உயரம் ஏற்றியவர்கள் அதைச் சரிக்கட்டவே இல்லை. பட்டறை கொடுத்த அலைன்மென்ட் பிரின்ட்டிலேயே கேஸ்டர் கட்டம் சிவப்பில் இருந்தது, அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் கிங்பின் பேரிங் மாற்றி, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இறுக்கத்தை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தார். டை ராடு எண்டுகளை உண்மையிலேயே மாற்றினார். கேஸ்டர் சாய்வைத் திரும்பக் கொண்டுவர, லேத்தில் சரிவாகக் கடைந்த இரும்புத் தகடுகளைப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைத்தார். ஸ்டியரிங் பாக்ஸையும் பழைய நிலைக்குத் தளர்த்தினார். எல்லாம் சேர்த்து ₹11,500. இப்போது அதே மேம்பாலத்தில் 80ல் போனாலும் ஸ்டியரிங் அசைவதில்லை.

நல்ல ரோட்டில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கி, அதைத் தாண்டினால் குறைந்தால் பேலன்சிங்கையும் டயரையும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். பள்ளத்தில் தட்டியதும் ஆரம்பித்து, வேகம் குறைத்தால் மட்டும் அடங்கினால், எந்த ஜாயின்ட் லூஸ் என்று கண்ணில் காட்டாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டியில் பேன்ஹார்டு ராடின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷையும், அதன் போல்ட் ஓட்டை நீண்டுவிட்டதா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக இருக்கட்டும். கோவைப் பட்டறைக்காரர் "பசங்க தெரியாம விட்டிருப்பாங்க" என்றதோடு சரி, பணம் திருப்பித் தர முடியாது என்றுவிட்டார். பில்லில் டை ராடு எண்டு என்று எழுதியிருந்ததால்தான் நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுக்க முடிந்தது. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2 வருஷத்துக்குள் போக வேண்டும், ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேஸ்டர் தகடு வைப்பவர்கள் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். பட்டை படிந்த பிறகு அவை தளரும்.