கணவருடன் ஜியோகேச்சிங் பயணம்: எட்டு வருட அனுபவம்

முதல் பயணத்தின் மூன்றாம் நாள் மதியம் இவர் காரை நிறுத்திவிட்டு, "நீ போய்ட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். ஜியோகேச்சிங் என்றால், யாரோ மறைத்துவைத்த டப்பாவை (அதுதான் கேச்) ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு. நான்கு நாளுக்கு 120 கேச் என்று வரைபடம் முழுக்கப் புள்ளி வைத்திருந்தேன். நான் இறங்கித் தேடினேன், டப்பாவும் கிடைத்தது. காட்டுவதற்குப் பக்கத்தில் ஆளில்லை. அடுத்த பயணத்துக்கு வேறு மாதிரித் திட்டம் போட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எட்டு வருடம், பதினோரு நீண்ட பயணங்கள். எங்கள் இருவருக்கும் எது ஒத்துவந்தது, எது வரவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

இந்த விளையாட்டுக்குள் இவரை இழுத்தது அதன் தொடக்கக் கதை. 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த ஓரிரு நாளிலேயே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு மறைத்து, இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டுவிட்டார். எதையும் எப்படி இயங்குகிறது என்று கேட்கிற மனிதருக்கு இது போதுமானதாக இருந்தது.

இப்போது எங்கள் திட்டம் பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் தொடங்குகிறது. ஜியோகேச்சிங்.காம் தளத்தில் பிரீமியம் உறுப்பினருக்கு வழித்தடத்தை ஒட்டித் தேடும் வசதி உண்டு. இப்படித் தேடி இறக்கிக்கொள்ளும் பட்டியலுக்குப் பாக்கெட் குவெரி என்று பெயர், ஒன்றில் அதிகபட்சம் 1000 கேச் வரும். எந்த வழித்தடத் தேடலிலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: தூரம் நேர்கோட்டில் கணக்காகும். நெடுஞ்சாலையிலிருந்து 400 மீட்டர் என்று காட்டும் கேச் ஆற்றின் மறுகரையில் இருக்கலாம், அந்த இடத்தில் சாலையை விட்டு இறங்க வழியே இல்லாமலும் இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்த பிறகுதான் பட்டியலில் சேர்க்கிறோம்.

வடிகட்டுவதில் எனக்கு மிகவும் கைகொடுப்பது சமீபத்திய பதிவுகள். கடைசி மூன்று பேரும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுவேன். பிடித்த கேச்சுக்கு உறுப்பினர்கள் கொடுக்கும் ஃபேவரிட் பாயிண்டை வெறும் எண்ணிக்கையாகப் பார்த்து நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். பிரீமியம் உறுப்பினர் பத்து கேச் கண்டுபிடித்தால் ஒரு பாயிண்ட் கொடுக்கலாம் என்பது கணக்கு. பதினைந்து வருடப் பழைய கேச்சுக்கு வந்தவர்கள் அதிகம், பாயிண்டும் அதிகம். வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் கொடுத்தார்கள் என்று பார்க்கத் தொடங்கிய பிறகு தேர்வு நிறையவே மேம்பட்டது. கடினம், நிலப்பரப்பு இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பீடு உண்டு. எனக்கு முட்டிவலி இருப்பதால் நிலப்பரப்பு 3-க்கு மேல் போவதில்லை.

அப்புறம், மிஸ்டரி கேச். எங்கள் பயணங்களைக் காப்பாற்றியது இதுதான் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் தெரியும் புள்ளி பெரும்பாலும் பொய்ப்புள்ளி. புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான இடம் தெரியும், அது வழக்கமாக மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும். புதிர் என்றால் இவருக்கு உயிர். இரவில் ஆளுக்கொரு காகிதத்தோடு உட்காருவோம். எழுத்துகளை எண்ணாக்குவது, சங்கேத முறையைக் கண்டுபிடிப்பது எல்லாம் இவர் வேலை. பக்கத்தின் தலைப்பிலோ படத்தின் பெயரிலோ ஒளிந்திருக்கும் துப்பு என் கண்ணில்தான் முதலில் படும். விடை வந்ததும் திருத்திய ஆயத்தொலைவைத் தளத்திலேயே பதிந்துவிடுவோம். பல நாள் போராடி அவிழ்த்த புதிரின் இடத்தில் போய் நிற்கும்போது, காரிலேயே இருக்கிறேன் என்று இவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

எர்த்கேச்சும் இவர் தேர்வுதான். அங்கே டப்பா கிடையாது. பாறை அடுக்கையோ ஊற்றையோ பார்த்து, கேள்விகளுக்கு விடை எழுதி, அந்தக் கேச்சை உருவாக்கியவருக்கு அனுப்ப வேண்டும். மதியக் களைப்பில் ஒன்று வைத்தால் சரியாக இருக்கிறது.

பவர் டிரெயில் எங்களுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு கேச்சுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவுக்கே ஒரு சாலை நெடுக வரிசையாக வைத்திருப்பார்கள். அறுபது டப்பா எடுத்தோம். ஒரே மாதிரி டப்பா, ஒரே மாதிரி கம்பம். இருபத்தைந்தாவதுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. எண்ணிக்கை சேர்ப்பவர்களுக்கு அது சரி, எங்களுக்கு ஒருமுறை போதும்.

ஆயத்தொலைவில் ஒரு எச்சரிக்கை. தளத்தில் பாகையும் தசம நிமிடமும் வரும். 30.000 நிமிடம் என்றால் அரைப் பாகை. அதை நான் வழிகாட்டிச் செயலியில் .30 பாகை என்று அடித்துவிட்டேன். 22 கிலோமீட்டர் தள்ளி, ஒரு வயல் ஓரத்தில் போய் நின்றோம். அன்றிலிருந்து ஒருவர் அடித்தால் மற்றவர் வாசித்துச் சரிபார்க்கிறோம். சிக்னல் இல்லாத இடங்களுக்காகப் பட்டியலையும் வரைபடத்தையும் இரண்டு போனிலும் முன்கூட்டியே இறக்கிவைக்கிறோம்.

முதல் இரண்டு வருடம் ஒரே கணக்கில் பதிந்தோம். பிறகு தனித்தனிக் கணக்கு. இதைத் தம்பதிகள் எல்லாருக்கும் சொல்வேன். அவரவர் ஃபேவரிட் பாயிண்டைப் பார்த்தாலே யாருக்கு எது பிடித்தது என்று தெரிகிறது, அடுத்த திட்டம் எளிதாகிறது. எனக்கு மரப்பொந்தில் இருக்கும் பெரிய டப்பா பிடிக்கும், இவருக்குக் கைவேலைப்பாடுள்ள பூட்டுப் பெட்டி.

எங்கள் வரம்பு: நாளுக்கு எட்டு கேச், ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம். நேரம் முடிந்ததும் யார் "போதும்" என்றாலும் கிளம்பிவிட வேண்டும், மற்றவர் முணுமுணுக்கக் கூடாது. கிடைக்கவில்லை என்றும் நேர்மையாகப் பதிந்துவிடுகிறோம், அடுத்து வருபவருக்கு அது உதவும். போன பயணத்தில் ஒரு பாலத்தடியில் நகத்தளவு நானோ டப்பாவுக்காகப் பதினைந்து நிமிடம் தேடிவிட்டு "போதும்" என்றேன். "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று கேட்டவர் இவர்தான்.

அடுத்தது ஐந்து நாள், 31 கேச். இரண்டு புதிர் இன்னும் அவிழவில்லை.