28 லிட்டர் ஓடிஜி: காலண்டர் வரைகிற ஒரு பேக்கரின் மதிப்பீடு

நான் பேக்கர். சிவகாசியில் காலண்டர், டைரி அட்டை வடிவமைப்பதும் என் வேலைதான். வீட்டுச் செலவு பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. ஆனாலும் கல்யாண வீட்டில் யாராவது "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்டால் பேக்கர் என்றுதான் முதலில் சொல்வேன். டிசைனர் என்று சொன்னால் இந்த ஊரில் "எந்த பிரஸ்ஸு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பேக்கர் என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எந்த ஓவன் வச்சிருக்கே?"

வைத்திருப்பது 28 லிட்டர் ஓடிஜி, அதாவது ஓவன்-டோஸ்டர்-கிரில்லர் என்கிற சின்ன மின்சார அடுப்பு. மேலேயும் கீழேயும் சூடாக்கும் ராடு, பக்கவாட்டில் ஒரு காற்றாடி, 100 முதல் 250 டிகிரி வரை திருகும் குமிழ், 60 நிமிட டைமர், 1500 வாட். பிராண்ட் பெயரை எழுதப் போவதில்லை. குமிழ் வைத்த ஓடிஜிக்கள் இந்த விலையில் அநேகமாக ஒரே ரகம்தான். நான் சொல்லும் குணங்களும் கோளாறுகளும் கொஞ்சம் முன்னே பின்னே எல்லாவற்றிலும் இருக்கும்.

கேக், பிஸ்கட், பன் சுடுகிற யாருக்கும் இது போதும். 180 டிகிரி என்று வைத்தால் என்னுடையதில் 165-க்கும் 195-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. குமிழுக்குப் பின்னால் இருப்பது சூட்டில் வளைகிற ஓர் உலோகப் பட்டை. அது வளைந்தால் மின்சாரம் நிற்கும், ஆறி நிமிர்ந்தால் மறுபடி ஓடும். அதனிடம் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. ஒரு கிலோ கேக் அந்த ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாது. சிவப்பு விளக்கு அணைந்த உடனே மாவை உள்ளே தள்ளாமல் இன்னும் பத்து நிமிடம் காத்திருந்தால் சரி. அந்த விளக்கு அணைவதற்கு அர்த்தம் பட்டை சூடாகிவிட்டது என்பது மட்டும்தான். சுவரும் தட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தப் பெட்டி திணறுவது தூத்துக்குடி மக்ரூனில். முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் பொருள். வெள்ளையை நுரைக்க அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, முந்திரிப் பொடியை நுரை அமுங்காமல் கலந்து, காகிதக் கூம்பில் போட்டு உச்சி கூராக நிற்கும்படி பிழிய வேண்டும். அப்புறம் இளஞ்சூட்டில் பல மணி நேரம். அது வேகிறது என்பதைவிடக் காய்கிறது என்பதே சரி. தூத்துக்குடி பேக்கரிகளின் பெரிய அடுப்பு சூட்டைச் செங்கல்லில் தேக்கி வைத்து மெல்ல விடும். தகரப் பெட்டிக்கு அந்தப் பொறுமை ஏது? குமிழை 100-இல் வைத்தாலும் ராடு எரிகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே 130-ஐத் தாண்டிவிடுகிறது. மேல் ராடுக்கு நேர் கீழே இருக்கும் உச்சிகள் மட்டும் பழுத்துவிடும்.

மக்ரூன் நிறத்தை நான் மை அளவில்தான் யோசிப்பேன், தொழில் புத்தி. மஞ்சள் 10 சதவீதம், மெஜந்தா 3 சதவீதம்: அதுதான் எனக்கு வேண்டிய வெள்ளை. மஞ்சள் 30-ஐத் தொட்டால் வாங்குகிறவர் ஒன்றும் சொல்லமாட்டார், எனக்கு மனசு ஆறாது. இதில் இன்னொரு வம்பு, உள்ளே எரிகிற மஞ்சள் பல்பு. அச்சகத்தில் நிறம் பார்க்கவென்றே 5000 கெல்வின் வெள்ளை வெளிச்சம் வைத்திருப்பார்கள். வேறு விளக்கில் பார்த்துவிட்டு "ஓகே" சொன்னால் அங்கே மெஷின் ஓட்டுகிற அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். ஓடிஜி பல்பிலோ எல்லா மக்ரூனும் தீய்ந்த மாதிரியே தெரியும். கைப்பேசி டார்ச்சைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிடித்துப் பாருங்கள், உண்மை நிறம் தெரிந்துவிடும்.

மக்ரூனுக்கு எனக்குக் கைகொடுக்கிற ஏற்பாடு இது. மேல் ராடை அணைத்துவிட்டுக் கீழ் ராடும் காற்றாடியும் மட்டும். குமிழ் 100-இல். தட்டு நடு அடுக்கில், அதற்கு மேல் அடுக்கில் ஒரு வெறும் தட்டு, அது வெப்பத்தை மறைக்க. கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி விரலளவு திறந்து வைக்க வேண்டும். ஈரம் அந்த வழியாகத்தான் வெளியே போகும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில மாடல்களில் காற்றாடி இரண்டு ராடும் எரிந்தால்தான் சுற்றும். கீழ் ராடோடு தனியாகச் சுற்றுமா என்று கடையிலேயே குமிழைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். விற்கிறவருக்கு அநேகமாகத் தெரிந்திருக்காது.

ஓவன் தெர்மாமீட்டர் தனியாக வாங்க வேண்டும், சில நூறு ரூபாய்தான். அது இல்லாமல் ஓடிஜி வாங்குவது வீண். பெட்டியோடு வருகிற கோழி சுடும் கம்பிக்குப் பதில் இதைக் கொடுத்திருக்கலாம்.

எந்த மூலை அதிகம் சுடுகிறது என்று பார்க்க, கம்பித் தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி 180-இல் சிவக்கவிட்டேன். அச்சக அண்ணாச்சியிடம் அந்தப் படத்தைக் காட்டினால், "ஏம்மா, ரொட்டிக்கும் ப்ரூஃப் எடுக்கியா?" என்று சிரித்தார். ஆனால் விஷயம் அதேதான், அச்சடிக்கும் முன் மாதிரி எடுத்துப் பார்ப்பது போலத்தான்: பின்பக்க இடது மூலை ஒரு பங்கு கூடுதல் சிவப்பு, கதவோரம் வெளுப்பு. அதனால் பாதி நேரம் கழிந்ததும் தட்டைத் திருப்பி வைக்கிறேன்.

அப்புறம் மின்சாரம். பெட்டியில் 1500 வாட் என்று போட்டிருப்பது 230 வோல்ட் கணக்கில். எங்கள் தெருவில் மாலையில் 200-க்கு இறங்கும். வோல்ட் இறங்கியதன் வர்க்க அளவில் சூடு குறையும் என்பதால் 200 வோல்ட்டில் கிடைப்பது முக்கால் பங்கு சக்திதான். முன்சூட்டுக்கு ரொம்ப நேரம் பிடிக்கிறது என்று ஓவனைத் திட்டுகிறவர்கள் முதலில் வோல்ட்டேஜைப் பார்க்கலாம். நான் விடியற்காலையில் சுடுகிறேன். 16 ஆம்பியர் பிளக் கட்டாயம். மிக்ஸி பிளக்கில் மாற்றுக் கட்டை போட்டுச் செருகுகிற வேலை வேண்டாம். பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ராடு விட்டு விட்டுத்தான் எரியும், ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டுக்குள்தான் வரும்.

வரைகிற வேலையும் சுடுகிற வேலையும் சேருகிற இடத்தைச் சொல்லாவிட்டால் இது பாதி மதிப்பீடுதான். என்னிடம் அதிகம் கேட்கப்படுவது தினசரி காலண்டர் தாள் மாதிரியான கேக். தேதி பெரிதாக, மேலே தமிழ் மாதம், கீழே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், எல்லாம் ஜெல் நிறத்தில் தூரிகையால் எழுதுவது. ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குக் கேட்டவர், "அக்கா, நல்ல நேரம் மட்டும் போடுங்க, ராகு காலம் வேண்டாம்" என்றார். நியாயம்தான், கேக்கில் எதற்கு அது. இந்த எழுத்துக்கு மேற்பரப்பு மேஜை போலச் சமமாக வேண்டும், ஓடிஜியோ நடுவில் குன்று எழுப்பும். சின்னப் பெட்டியில் சுவர் பக்கத்திலேயே இருப்பதால் ஓரம் சீக்கிரம் இறுகிவிடுகிறது, நடுவில் இருக்கும் மாவு மேல்நோக்கித்தான் போக முடியும். 160-இல் கூடுதல் நேரம் வைத்து, டின்னைச் சுற்றி ஈரத்துணிப் பட்டை கட்டினால் பெரும்பாலும் சமமாக வருகிறது. மிச்சக் குன்றை ரம்பக் கத்தியால் அறுத்தால் வீட்டில் சாப்பிட ஆள் இருக்கிறது.

குறைகளில் பெரியது கொள்ளளவு. 28 லிட்டரில் 6 அங்குல டின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், அல்லது 9 அங்குல டின் ஒன்று. இரண்டு அடுக்கில் வைத்தால் கீழ்த்தட்டு அடியில் கருகி, மேல்தட்டு தலையில் கருகும். சாதாரண மாதங்களில் சமாளிக்கலாம். டிசம்பரில் என் கதை வேறு. ஆடிப் பதினெட்டுக்குப் புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகி ஆரம்பிக்கிற காலண்டர் வேலை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், பிளம் கேக் ஆர்டரும் அப்போதுதான் வரும். பழம் நிறைந்த கேக் மிதமான சூட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 60 நிமிட டைமர் நடுவில் 'டிங்' என்று அணைந்துவிடும், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கேக் அமுங்கும். டைமர் குமிழில் இடப்பக்கம் திருப்பினால் 'ஸ்டே ஆன்' என்று ஓர் இடம் உண்டு. நீண்ட வேலைக்கு அதில் வைத்துவிட்டு, அலாரத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சுமார். டைமர் குமிழ் இறுகிப்போனபோது பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் போனது. கடைசியில் தெருமுனை மிக்ஸி கடைக்காரர் கழற்றிப் புது டைமர் போட்டுத் தந்தார். உள்ளே இருப்பதெல்லாம் சாதாரணப் பாகங்கள் என்பது அப்போது தெரிந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொடுதிரை வைத்த மாடலாக இருந்தால் அந்தக் கடைக்காரர் தொட்டிருக்கவே மாட்டார்.

வெளித்தகடு நன்றாகச் சுடும், சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். தவழ்கிற குழந்தை உள்ள வீடென்றால் மேடை மேலே.

கற்றுக்கொள்கிறவர்கள், வாரத்துக்கு நாலைந்து கேக் விற்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்கு மட்டும் என்றால் 18 லிட்டர் கூடப் போதும், ஆனால் அதில் 9 அங்குல டின் வைத்தால் காற்று சுற்ற இடமிருக்காது. மக்ரூன்தான் உங்கள் வியாபாரம் என்றால் இது வேண்டாம். கொஞ்சம் பணம் சேர்த்து, 60 டிகிரியிலிருந்து சூடு வைக்க வசதியுள்ள, டிஜிட்டல் கட்டுப்பாடு கொண்ட கன்வெக்ஷன் ஓவனாகப் பாருங்கள். நானும் அதற்குத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது வந்த பிறகும் இந்தப் பெட்டியை விற்கப் போவதில்லை, பன்னுக்கு வேண்டும்.