1:87 என்று சொல்லி 1:100-ஐத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

மாடல் ரயில் லேஅவுட்டுக்கு ஸ்டேஷன், பாலம், மலை என்று யாரிடமாவது காசு கொடுத்துச் செய்து வாங்க நினைப்பவர்கள், அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் போடும் லேஅவுட் நீலகிரி மலை ரயிலை மனதில் வைத்தது. மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி ஒரு மீட்டர்) என்பதால் ஹெச்.ஓ.எம், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு (1:87, இதைத்தான் ஹெச்.ஓ ஸ்கேல் என்பார்கள்), தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றத்தில் இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏற நடுவில் போட்டிருக்கும் ஆப்ட் பல்தண்டவாள முறைதான் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா ஓபரால்ப் பாதையிலும் இருக்கிறது. அதற்கான மாடல் தண்டவாளத்தை பெமோ கம்பெனி செய்கிறது. ஆகவே பாதை ஒரு வழியாகச் சமாளிக்கக்கூடியது. கட்டடம்தான் கடையில் கிடைக்காது. பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் ஜெர்மன் கிட்டைக் கொண்டுவந்து வைத்தால் நம் மலை ஸ்டேஷன் களை வருமா? ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, ஒட்டி, ஒவ்வொன்றாகக் கையால்தான் செய்ய வேண்டும்.

அப்படித்தான் ‘ஸ்க்ராட்ச் பில்ட் ஸ்பெஷலிஸ்ட்’ (கிட் இல்லாமல் அடியிலிருந்து செய்பவர்) என்று விளம்பரம் போட்டிருந்த ஒருவரைப் பிடித்தேன். தகரக் கூரை போட்ட சின்ன ஸ்டேஷன், ஒரு குகை வாசல், பின்னால் கொஞ்சம் மலைச்சரிவு. மொத்தம் 18,000 ரூபாய், பாதி முன்பணம். கதவு, ஜன்னல், பிளாட்பாரம் எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டர் கணக்கில் வரைபடமே போட்டுக் கொடுத்தேன். “கவலையே படாதீங்க சார், லேசர் கட்டிங்” என்றார். முடிந்ததும் தூரத்திலிருந்து எடுத்த இரண்டு படம் அனுப்பினார், மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார், பார்சல் வந்தது.

பிரித்ததும் 1:87 அளவில் பிரைசர் கம்பெனி செய்த ஆள் பொம்மை ஒன்றைக் கதவருகே நிறுத்தினேன். கதவும் ஆளும் ஏறக்குறைய ஒரே உயரம். ஏழடிக் கதவு 1:87-ல் 24 மில்லிமீட்டர் வர வேண்டும். ஸ்கேலை வைத்தால் 21. அதாவது 1:100. பில்டர்களுக்கு அபார்ட்மென்ட் மாடல் செய்யும் கடைகளில் இதுதான் புழங்கும் அளவு. பழைய ஃபைல் எதையோ எடுத்து, என் ஸ்டேஷன் பெயரை ஒட்டி வெட்டியிருக்கிறார். குகை வாசலும் அதே விகிதத்தில் சுருங்கியிருந்ததால் வளைவில் பெட்டியின் மூலை சுவரில் உரசியது.

பொருளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்டைரீன் என்று பேசியது, வந்தது சன்போர்டு என்னும் நுரைப் பலகை. கல்சுவர் என்பது அச்சடித்த ஸ்டிக்கர், மூலையில் இப்போதே உரிகிறது. கூரைக்குப் பார்சல் அட்டையின் மேல் தாளை உரித்து, உள்ளே இருக்கும் நெளிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார். அந்த நெளி ஒன்று ஆறேழு மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டடி! நிஜத் தகரத்தில் மூன்று அங்குலம்தான், மாடலில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வர வேண்டும். ஜன்னலை சூப்பர் க்ளூவால் ஒட்டியதில் அதன் ஆவி பட்டு பிளாஸ்டிக் முழுக்க வெள்ளை படர்ந்திருக்கிறது. இந்த வேலை தெரிந்தவர் யாரும் கண்ணாடி பக்கம் அந்தப் பசையைக் கொண்டுபோக மாட்டார். மலை தெர்மாகோல். அதன் மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, அது கரைந்து விழுந்த பள்ளங்களைச் சாயம் போட்ட மரத்தூளால் மூடியிருக்கிறார். தொட்டால் கையெல்லாம் பச்சை.

போன் செய்தேன். “சார், ஷோகேஸ்ல வச்சா யாரு ஸ்கேல் வச்சு அளக்கப் போறாங்க?” என்றார். கஸ்டம் ஆர்டராம், திருப்பி எடுக்க மாட்டாராம். அப்புறம் போனே எடுக்கவில்லை. அவர் விளம்பரத்தில் இருந்த அழகான ஸ்டேஷன் படத்தை ஒரு நண்பரிடம் காட்டியதும், “இது ஃபாலர் கிட்டாச்சே” என்று சிரித்தார். ஃபாலர் என்பது கடையில் கிட் விற்கும் ஜெர்மன் கம்பெனி; அதாவது அது இவர் கையால் செய்ததே இல்லை.

யாரிடம் கொடுத்தாலும் சரி, பெயின்ட் அடிக்கும் முன், பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். பெயின்ட் ஏறிவிட்டால் சன்போர்டும் ஸ்டைரீனும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒழுங்காக வேலை செய்பவர் முதலில் அட்டையில் குகை வாசலுக்கு ஒரு மாதிரி வெட்டி அனுப்பத் தயங்கமாட்டார். அதைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, உங்களிடம் உள்ள நீளமான பெட்டியை வளைவில் ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். 1:87 என்றும், என்ன ஷீட் என்றும் பில்லில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்துத்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

அந்த ஆள் இப்போதும் ஆர்டர் எடுக்கிறார். என் ஸ்டேஷன் படத்தையும் விளம்பரத்தில் சேர்த்துவிட்டார், கீழே ‘ஹெச்.ஓ ஸ்கேல்’ என்று போட்டு. சிவப்பு அட்டைக் கூரை, வெளுத்த ஜன்னல், வலது ஓரத்தில் குகை வாசல். கண்ணில் பட்டால் பணம் அனுப்பிவிடாதீர்கள்.