சுருங்கிய லெதர் பவளம்: காத்திருப்பா, அயோடினா, கத்தியா?

சித்திரை வெயில் ஏறிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கவலையும் ஏறிவிடும். தோல் போன்ற உடல் கொண்ட மென்பவளமான லெதர் பவளம் சுருங்கிக் கிடக்கும், பூப்போல விரியும் அதன் சிறு உறுப்புகளான பாலிப்புகளில் ஒன்றுகூட வெளியே வராது. அப்போது கைவசம் மூன்று வழிகள் உண்டு: தண்ணீரைச் சரிசெய்துவிட்டுக் காத்திருப்பது, அயோடின் கரைசலில் முக்கி எடுப்பது, கெட்ட பாகத்தை வெட்டி எறிவது. மூன்றும் எனக்குச் சமமில்லை. பெரும்பாலும் முதல் வழியே போதும். அழுகல்தான் என்று உறுதியானால் அன்றைக்கே கத்தியை எடுக்க வேண்டும். அயோடினை நான் துணைக்கு மட்டுமே வைத்திருக்கிறேன்.

எந்த வழி என்பதைக் கண்ணும் விரலும் மூக்கும் சொல்லிவிடும். சார்கோஃபைட்டன் வகை லெதர்கள் அவ்வப்போது மேல்தோலை உரிக்கும். உரிப்பதற்கு முன் சில நாள், சில நேரம் ஒரு வாரத்துக்கு மேலும், பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு மெழுகு பூசியதுபோல மினுங்கும். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் கழற்றிப்போட அது செய்யும் வேலை அது, நோயே இல்லை. விரலால் தொட்டால் உடல் கெட்டியாக இருக்கும். அழுகல் அப்படி இல்லை. ஓரிடம் கறுத்தோ பழுப்பாகவோ மாறி, கொழகொழத்து, தொட்டாலே பிய்ந்து வரும். வெளியே எடுத்தால் நாற்றம் முகத்தில் அடிக்கும். நல்ல லெதருக்கும் காட்டமான வாடை உண்டு, அதைக் கெட்டுப்போன நாற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று வெளுப்பு. உடல் கெட்டியாகவே இருக்கும், நிறம் மட்டும் போய்விடும். சூடு தாங்காமல் உடலுக்குள் வாழும் நுண்பாசியை இழந்துவிட்டது என்று பொருள். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் கடல் சூடானதால்தான். வெளுத்ததை வெட்டவே கூடாது. விளக்கைக் குறைத்து, சூட்டைத் தணித்தால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது இல்லை. தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரைத் திருப்பி, உரியும் தோலை அடித்துச் செல்லும் அளவுக்கு நீரோட்டம் கொடுக்க வேண்டும். நச்சை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் போட வேண்டும். லெதர்கள் பக்கத்தில் இருப்பவற்றை அடக்க டெர்பீன் வகை நச்சுகளைத் தண்ணீரில் விடும். ஒரு தொட்டியில் பலவகை இருந்தால் காரணமே தெரியாமல் ஒன்று வாடுவது பலமுறை இதனால்தான். அப்புறம் உப்பின் அளவு. உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி (நன்னீர் 1 என்றால்) 1.025 பக்கம், வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் நின்றால் நல்லது. நம் ஊர்க் கோடையில் இரண்டுமே வழுக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீருக்கு மேல் சிறு ஃபேன் வைக்கிறார்கள். கடற்கரையைவிட இங்கே காற்று வறண்டது, அதனால் ஃபேன் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு பின்தங்கி அடர்த்தி ஏறும். வற்றியதை ஆர்ஓ கருவியில் வடித்த நன்னீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் இல்லை. பழைய செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: சுவர் தடிமன், கூரை உயரம். வளவில் (நடு முற்றத்தில்) வெயில் விழும் ஓரத்தை விட்டு, உள்கட்டில் தொட்டியை வைத்தாலே பாதிக் கவலை தீரும். (ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உப்புத் தண்ணீர் சிந்தினால் உடனே துடையுங்கள்.)

அயோடின் மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியாவைக் குறைக்கும், உள்ளே இறங்கிய அழுகலைத் தொடாது. தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 5 சதவீத லூகால் கரைசல் (அயோடின் கரைசல்) 5 முதல் 10 சொட்டு, 10 முதல் 15 நிமிடம். பிறகு வேறு உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு உள்ளே வைக்கலாம். பவளத்தை முக்கி எடுத்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் ஸ்க்ரப்பில் சோப்பு கலந்திருக்கும், அதன் பக்கமே போகாதீர்கள். ஸெனியா என்ற மென்பவளம் எளிதில் துவண்டுவிடும், அதை முக்காமல் விடுவதே மேல். நன்னீரில் முக்குவதைச் சிலர் சொல்வார்கள். மென்பவளத்துக்கு அது வைத்தியமே இல்லை, தண்ணீர் உள்ளேறி செல்கள் சிதையும்.

வெட்டத்தான் பலரும் அஞ்சுகிறார்கள். லெதரைப் பொறுத்தவரை அந்த அச்சம் தேவையில்லை. வாழையைப் போலத்தான், தலையை முழுதாகச் சீவினாலும் அடித்தண்டு நன்றாக இருந்தால் புதிய தலை கிளம்பும், சீவிய தலையும் தனியாகப் பிழைக்கும். புது பிளேடால், தொட்டிக்கு வெளியே ஒரு தட்டில் வைத்து, கெட்ட இடத்தைத் தாண்டி நல்ல சதையிலும் கொஞ்சம் சேர்த்து வெட்ட வேண்டும். கறுப்பு ஒரு துளி மிச்சமிருந்தாலும் அது மறுபடி பரவும். அயோடினுக்கு உண்மையான பயன் இந்த இடத்தில்தான், வெட்டுவாயைச் சுத்தம் செய்ய. துண்டைக் கல்லில் ஒட்டப் பசை உதவாது, வழவழப்பில் கழன்றுவிடும். ரப்பர் பேண்டைத் தளர்வாகப் போடலாம். இறுக்கினால் சதையை அறுத்துவிடும். வலைத்துணி கட்டுவது அதைவிட நல்லது. வெட்டிய பின் தனி வாளியில் வைத்து ஆற்றுவதை இந்த ஊர்ச் சூட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். பெரிய தொட்டியிலேயே நிழலான மூலையில், மிதமான ஓட்டத்தில் விடலாம்.

கல்லில் பொத்தான்போல ஒட்டி வளரும் சோவாந்திட் வகைகளுக்கு மட்டும் இந்தத் துணிச்சல் கூடாது. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நச்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கத்தி வைக்காதீர்கள், அவை ஒட்டிய கல்லை எந்தக் காரணத்துக்காகவும் கொதிக்க வைக்காதீர்கள். அந்த ஆவியை முகர்ந்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

செத்துப்போனதற்குப் பதிலாக ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் கடற்கரைப் பக்கம் போய் ஒன்று எடுத்து வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கல்பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆகவே இருக்கிற லெதர் நன்றாக இருக்கும்போதே ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, இதே பொழுதுபோக்கு உள்ள பக்கத்து ஊர் நண்பர் தொட்டியில் வளர்க்கக் கொடுத்து வையுங்கள். உங்களுடையது போனால் அவரிடமிருந்து ஒரு துண்டு வாங்கிக்கொள்ளலாம்.