பழைய கொரோலாவும் எட்டுப் பனிக்காலமும்

2017 ஒக்டோபரில் இந்தக் காரை வாங்கினேன். 2009ஆம் ஆண்டு கொரோலா. அப்போது 141,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது, இப்போது 298,000ஐத் தாண்டிவிட்டது. நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஏஜக்ஸில் உள்ள ஒரு களஞ்சியத்துக்கு இரவு வேலைக்குப் போய் வருகிறவன். 401 நெடுஞ்சாலையை, பனியை உருக்க உப்புத் தூவுகிற லொறிகள் ஓடுகிற நேரத்தில்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். எட்டுப் பனிக்காலங்களில் இந்தக் காருக்கு எதில் காசு போட்டது சரி, எதில் பிழை விட்டேன் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

முதல் பிழையில் தொடங்குகிறேன். கார் வாங்கிய கையோடு கையில் காசு இல்லை. மச்சான் சொன்னார்: "முன்னுக்கு ரண்டு நல்லதாப் போட்டால் காணும். முன்சில்லு இழுக்கிற கார்தானே." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பாவித்த பனிக்கால ரயர் இரண்டை வாங்கி முன்னால் போட்டேன், பின்னால் காரோடு வந்த ஓல்-சீசன் (எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற சாதாரண) ரயர்களை அப்படியே விட்டேன். கார் நன்றாகப் புறப்பட்டது. அந்த நல்ல புறப்பாடுதான் என்னை ஏமாற்றியது. ஜனவரியில் ஒரு விடியற்காலை, 401இல் இருந்து இறங்கும் வளைவில் மெதுவாக பிறேக்கை அழுத்தினேன். முன்பக்கம் சொன்ன சொல் கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. காரின் வால் ஒரு பக்கமாக வீசிக்கொண்டு போய், நான் வந்த திசையைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் வேறு வாகனம் வரவில்லை, அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். அடுத்த சம்பளத்தில் பின்னுக்கும் இரண்டு வாங்கிவிட்டேன்.

பிறகுதான் ஒன்று விளங்கியது. புதிய கார்கள் இப்படிச் சறுக்கும்போது ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே பிறேக் பிடித்து நேராக்க முயலும். கனடாவில் அந்த வசதி 2011 செப்ரெம்பர் 1க்குப் பிறகு தயாரான கார்களுக்குத்தான் கட்டாயமானது. என் கொரோலாவில் அது இல்லை. பழைய கார் வைத்திருக்கிற பலருக்கும் இதே நிலைதான். ரயர் பிடியை விட்டுவிட்டால் காரைக் காப்பாற்ற உள்ளே வேறு எதுவும் இல்லை. "பழைய கார்தானே, அதற்கேன் புது ரயர்?" என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பழைய கார் என்பதால்தான் நல்ல ரயர் வேண்டும்.

பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். மொன்றியலில் இருக்கிற என் சொந்தக்காரர்கள் அதைப் பற்றி வாதாடுவதே இல்லை, போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நாங்கள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லாததால் இங்கே ஒவ்வொரு வருடமும் அதே கதை: "ஓல்-சீசன் காணும்." வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பனிக்கால ரயரின் ரப்பர் கடும் குளிரிலும் இளகியபடி இருக்கும். மேற்பரப்பில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும், அவை பனியைக் கவ்வும். சினோ (வானத்தால் விழுகிற பனி) கொட்டாத வறண்ட குளிர்நாளிலும் வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரில் மூன்று மலைமுகடும் நடுவே பனித்திவலையும் உள்ள குறி இருக்கிறதா என்று பாருங்கள். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் சினோவும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பள்ளங்களின் அமைப்பைத்தான் சொல்கிறது. மலைக்குறி இறுகிய பனியில் இழுவை சோதிக்கப்பட்டது என்பதைக் காட்டும். ஆனால் பனிக்கட்டியில் பிறேக் பிடிக்கும் திறனை அந்தக் குறி சொல்லாது. ஓல்-வெதர் என்று, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட விற்கிற ரயர்களிலும் அதே குறி உண்டு. நகருக்குள் கொஞ்சத் தூரம் ஓடுகிறவருக்கு, கழற்றி வைக்க இடமில்லாத அடுக்குமாடிக்காரருக்கு அது நல்ல தெரிவு. விடியற்காலை நெடுஞ்சாலையில் ஓடுகிற எனக்கு அது போதாது.

பாவித்த ரயர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் பிறந்த திகதி பார்த்து. பக்கச் சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இலக்கங்களில் கடைசி நான்கு முக்கியம். 4315 என்றால் 2015ஆம் ஆண்டின் 43ஆவது கிழமையில் செய்தது. முதல் வருடம் நான் வாங்கிய அந்த முன் இரண்டில் முழு இலக்கம் எங்கும் தெரியவில்லை. அது ரயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கடைக்காரர் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். வசந்தத்தில் கழற்றிப் பார்த்தபோது ஒன்று ஒன்பது வயது, மற்றது ஏழு வயது. பள்ளம் ஆழமாக இருந்தது, ரப்பர் மரம் போல இருந்தது. இப்போதெல்லாம் நகத்தால் அழுத்திப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. ஐந்து வயது தாண்டியதைத் தொடுவதுமில்லை.

சரி, இரண்டாம் வருடத்துக்கு வருகிறேன். 2018 இலையுதிர் காலத்தில் மிச்சலின் எக்ஸ்-ஐஸ் எக்ஸ்ஐ3 நான்கும் புதிதாக வாங்கினேன், அளவு 195/65ஆர்15. கூடவே இரும்பு றிம் நான்கு. எல்லாம் பூட்டி, வரியோடு 900 டொலருக்குக் கிட்ட வந்தது. மனைவியிடம் சொல்லவே தயங்கினேன். ஆனால் கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய தொகை இல்லை. 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் பனிக்கால ரயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். எனக்கு 5 வீதம் கிடைத்தது, வருடம் 120 டொலர் அளவில். நீங்களாகக் கேட்காவிட்டால் பல வேளை அதை யாரும் போட்டுத் தர மாட்டார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், நான்கு ரயரும் பனிக்கால ரயராக இருக்க வேண்டும்.

தனி றிம் வாங்கியது நான் செய்த மிகச் சரியான செலவு. ஒரே றிம்மில் ஒவ்வொரு முறையும் ரயரைக் கழற்றி மாற்றினால் வருடத்துக்கு இரண்டு தடவை கடைக்குக் காசு, ரயரின் விளிம்புக்கும் சேதம். தனி றிம் இருந்தால் ஜக்கும் ஸ்பனரும் போதும், வீட்டு முற்றத்தில் ஒரு மணித்தியால வேலை. ஆனால் பொருந்துகிறதா என்று பாருங்கள். என் நண்பர் ஒருவர் சிவிக் காரின் பழைய றிம் நான்கை மலிவாக வாங்கி வந்து எனக்குத் தந்தார். ஐந்து துளை, இதிலும் ஐந்து துளை. மெக்கானிக் பார்த்தவுடனே சொன்னார்: "அண்ணை, இது உங்கட காருக்கு ஏறாது." என் கொரோலாவில் துளைகள் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கின்றன, 2006க்குப் பிந்திய சிவிக்கில் 114.3. நண்பரின் நல்ல மனத்துக்கு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

நட்டுகளை முறுக்கு விசை காட்டுகிற ஸ்பனரால்தான் இறுக்குகிறேன், என் காருக்கு 103 நியூட்டன் மீற்றர். நூறு கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரயரையும் கழற்றும்போது எங்கே இருந்தது என்று சோக்கால் எழுதிவைத்து, அடுத்த முறை முன்-பின் மாற்றுகிறேன். பள்ளம் ஆழமான இரண்டும் பின்னுக்குப் போகும். முதல் வருடம் கற்ற பாடம் அது.

மிச்சலின் ஐந்து பனிக்காலம் ஓடியது. 2022 ஜனவரி 17, திங்கட்கிழமை, ரொறன்ரோ விமான நிலையத்தில் 30 சென்ரிமீற்றருக்கு மேல் சினோ கொட்டிய நாள், நகரின் விரைவுச்சாலைகளான கார்டினரையும் டொன் வலி பார்க்வேயையும் மூடிவிட்டார்கள். அன்று காலை வேலை முடிந்து உள்வீதிகளால் வீடு வந்தேன். காரின் வயிறு பனியில் உரசியது, ஆனால் சில்லுகள் ஒரு இடத்திலும் வீணாகச் சுழலவில்லை. பக்கத்தில் பெரிய நான்கு சில்லு இழுவை வாகனங்கள் சறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நான்கும் இழுத்தால் புறப்படலாம், நிற்பதற்கு ரயர்தான் வேண்டும்.

2023 வசந்தத்தில் பள்ளம் 4.5 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டது. சட்டத்துக்கு அது இன்னும் போதும். ஆனால் ஐந்துக்குக் கீழே இறங்கியதும் ஈரப் பனியில் கார் மிதக்கிறது, இதை ஸ்ரியரிங்கிலேயே உணரலாம். அடுத்த தொகுதியை விலை குறைந்த வேறொரு நிறுவனத்தில் எடுத்தேன், ரயர் ஒன்றுக்கு 30 டொலர் மிச்சம். ஆழமான சினோவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழுக்கும் பனிக்கட்டியில் பழைய மிச்சலின் அளவுக்கு நம்பிக்கை வரவில்லை, சத்தமும் கூட. திரும்ப வாங்குவதென்றால் நான்கு ரயருக்கும் மிச்சம் பிடித்த அந்த 120 டொலரைக் கொடுப்பேன்.

காற்றைப் பற்றி ஒரு சொல். வெப்பநிலை ஐந்து ஆறு பாகை குறைந்தால் ரயர் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். செப்ரெம்பரில் 20 பாகையில் அடித்த காற்று தைப்பொங்கல் நேரத்துக் கடும் குளிரில் 6 பிஎஸ்ஐ வரை குறைந்திருக்கும். மாதம் ஒரு தடவை, கார் ஓடுவதற்கு முன், குளிர்ந்த ரயரில் அளக்க வேண்டும்.

இனி உப்பு. பழைய காரை இங்கே சாகடிப்பது எஞ்சின் அல்ல, கறள். என் எஞ்சின் இன்னும் ஒயில் குடிக்காமல் ஓடுகிறது. ஆனால் மூன்றாம் வருடம் முன்பக்க பிறேக்கின் பிடி முன்பின் நகர உதவுகிற வழுக்கும் ஊசிகள் கறள் பிடித்து இறுகிவிட்டன. ஒரு பக்கச் சில்லு எப்போதும் பிடித்தபடியே ஓடியதால் டிஸ்க்கும் தேய்ந்து, 400 டொலருக்கு மேல் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தமும் அந்த ஊசிகளைக் கழற்றித் துப்புரவாக்கி, புது கிறீஸ் பூசச் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் அடிப்பக்கத்துக்கு, கதவுகளின் உள்ளே, வடிகிற வகை எண்ணெய்த் திரவம் அடிப்பிக்கிறேன். இரண்டு நாள் முற்றத்தில் சொட்டும், அது நல்லது. சொட்டுகிற திரவம்தான் இடுக்குகளுக்குள் போகும். கறுப்புத் தார் போல் இறுகுகிற பூச்சைப் பழைய காருக்கு அடிக்காதீர்கள், வெடித்த இடத்தால் ஈரம் உள்ளே போய் மறைவில் தின்னும். குளிர் பூச்சியத்துக்கு மேல் வருகிற நாளில் அடிப்பக்கத்தைக் கழுவுவேன். றிம் கறள் பிடித்து, அதைத் தாங்குகிற ஹப்போடு ஒட்டாமல் இருக்க, அது உட்காரும் முகப்பில் கொஞ்சம் கிறீஸ் பூசுகிறேன். நட்டுப் பூட்டுகிற திருகில் படக்கூடாது.

பற்றரியை நான்கு வருடத்தில் மாற்றிவிடுவேன். ஒயில் 0டபிள்யூ-20, கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40க்கு. இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த ஒக்டோபரில், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, ரயர்களை மாற்றினேன். முன்னுக்கு 6 மில்லிமீற்றர், பின்னுக்கு 6.5. மகள் ஓட்டப் பழகுகிறாள்; இந்த முறை நட்டுகளை இறுக்கியது அவள்தான், நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். நூறு கிலோமீற்றர் முடிந்ததும் ஸ்பனரை எடுத்துக்கொண்டு அவளே இறங்கிப் போனாள்.